குழந்தைகளுக்கான காதுக்கவசம்: ஆஸ்பெர்ஜர் உள்ள ஒரு சிறுவனின் வீட்டிலிருந்து ஒரு மதிப்பீடு

ஆட்டிசத்தின் ஒரு வகையாக அறியப்படும் ஆஸ்பெர்ஜர் நிலை உள்ள குழந்தைக்கு என்ன வாங்கிக் கொடுக்கலாம் என்று தேடத் தொடங்கும் பெற்றோருக்குக் கனமான போர்வை, கையில் வைத்து உருட்டும் பொம்மை, மெல்லுவதற்கான ரப்பர் பதக்கம், பட அட்டைகள் என்று நீண்ட பட்டியல் ஒன்றை இணையக் கடைகள் காட்டும். அவற்றில் சிலவற்றை நாங்களும் வாங்கினோம். பெரும்பாலானவை இப்போது அலமாரியில் இருக்கின்றன. எங்கள் வீட்டில் அன்றாடம் கைக்கு வரும் பொருள் ஒன்றே ஒன்றுதான். தொழிற்சாலைகளில் இயந்திர இரைச்சலுக்காக அணியும் காதுக்கவசத்தைச் சிறு தலைக்கு ஏற்ற அளவில் செய்து விற்கிறார்களே, அதுதான். பார்ப்பதற்குப் பாட்டுக் கேட்கும் ஹெட்போன் போல இருந்தாலும் இதில் பாட்டு வராது. பேட்டரி கிடையாது, கம்பி கிடையாது, பழுதாகக்கூடிய மின்பாகம் எதுவும் கிடையாது. தலைக்கு மேல் வளைந்து செல்லும் ஒரு பட்டை, காதை முழுவதும் மூடும் இரண்டு கிண்ணங்கள், அவற்றின் விளிம்பில் மெத்தென்ற திண்டு, உள்ளே பஞ்சு நுரை: இவ்வளவுதான் பொருள்.

வாங்கத் தகுந்ததா என்று கேட்டால், தகுந்தது என்று தயங்காமல் சொல்வேன். ஆனால் எதற்காக வாங்குகிறோம் என்பது பெற்றோருக்குத் தெளிவாக இருக்க வேண்டும். பிள்ளை அழாமல் இருக்க வேண்டும், விசேஷ வீட்டில் நம் மானம் காக்கப்பட வேண்டும் என்ற எண்ணத்தில் இதை அவன் தலையில் மாட்டினால், பொருளும் வீண், பிள்ளைக்கும் அது இன்னொரு தண்டனை. தனக்கு வலிக்கும் நேரத்தை அவனே அறிந்து, அவனே எடுத்து மாட்டிக்கொண்டு, போதும் என்று தோன்றும்போது அவனே கழற்றி வைக்கக் கற்றுக்கொண்டால், இந்த விலைக்கு இதைவிடப் பயனுள்ள வேறொன்று எனக்குத் தெரியவில்லை.

என் மகனுக்கு ஒன்பது வயது, மதுரையில் வசிக்கிறோம். மருத்துவர் எழுதிக் கொடுத்த அறிக்கையில் ஆட்டிசம், முதல் நிலை என்றுதான் இருக்கிறது. 1944-இல் வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்ஜர் விவரித்து, 1981-இல் பிரிட்டிஷ் மனநல மருத்துவர் லோர்னா விங் அவருடைய பெயரால் அழைத்த அந்த நிலையை, அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட தன் நோயறிதல் கையேட்டின் ஐந்தாம் பதிப்பில் ஆட்டிசத்துக்குள்ளேயே சேர்த்துவிட்டது. 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடும் அப்படியே செய்தது. ஆயினும், பேச்சில் தாமதம் இல்லாத, படிப்பில் பின்தங்காத, அதே நேரத்தில் மனிதர்களின் முகக்குறிப்பும் மாறிக்கொண்டே இருக்கும் சூழலும் பிடிபடாமல் தவிக்கும் குழந்தைகளின் பெற்றோர் இன்னும் பழைய பெயரையே சொல்கிறோம் என்பதால் நானும் இங்கே அதையே எழுதுகிறேன்.

அந்த 2013 திருத்தம் எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு ஒரு நல்ல காரியமும் செய்தது. ஒலி, ஒளி, தொடுகை, மணம், சுவை ஆகியவற்றை அளவுக்கு மீறி உணர்வதும், சில வேளைகளில் உணர வேண்டிய அளவுகூட உணராமல் இருப்பதும், ஆட்டிசத்தை இனங்காணும் குறிகளில் ஒன்றாக அப்போதுதான் முறையாகச் சேர்க்கப்பட்டது. அதுவரை ‘அடம்’, ‘செல்லம்’, ‘பயந்தாங்கொள்ளி’ என்று பலராலும் தள்ளிவிடப்பட்ட ஒன்று, மருத்துவர் கேட்டு எழுதிக்கொள்ளும் செய்தியாயிற்று.

மகனைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் இந்தப் பொருள் எங்கே உதவுகிறது என்பது விளங்கும். நாளிதழில் வரும் அணைகளின் நீர்மட்டப் பட்டியலை அவன் ஒரு நீளமான குயர் நோட்டில் தேதிவாரியாக எழுதி வருகிறான். வைகை அணைக்கு 71 அடி, மேட்டூருக்கு 120 அடி, முல்லைப் பெரியாற்றில் 142 அடி வரை தேக்கலாம் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது என்பதையெல்லாம், வீட்டுக்கு வருகிறவர் கேட்டாலும் கேட்காவிட்டாலும், மூச்சு விடாமல் சொல்வான். இவ்வளவு தெளிவாகப் பேசுகிற பையன், சமையலறையில் மிக்சி ஓடத் தொடங்கியதும் சுவரோரம் சுருண்டு உட்கார்ந்து இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டு அழுதால், பார்க்கிறவர்கள் நம்புவதில்லை. நன்றாகப் பேசத் தெரிந்த குழந்தைக்கு வலி மட்டும் பொய் என்று எப்படி முடிவுகட்டுகிறார்களோ தெரியவில்லை. ஆஸ்பெர்ஜர் உள்ள குழந்தைகளின் பெருந்துன்பம் இதுதான் என்று நினைக்கிறேன்: அவர்களுடைய திறமை கண்ணுக்குத் தெரிவதால், அவர்களுடைய கஷ்டத்தை யாரும் கண்கொண்டு பார்ப்பதில்லை.

சத்தம் எவ்வளவு பெரியது என்பது மட்டும் அவனுக்குச் சிக்கல் இல்லை. அது எப்போது வரும் என்று தெரியாததே பெரும் சிக்கல். குக்கர் அடுப்பில் இருக்கும் நேரம் முழுவதும் அவன் தோள்கள் காதுவரை ஏறியிருக்கும். ஒருநாள் அமைதியான நேரத்தில் உட்கார வைத்துக் கேட்டபோது, “விசில் எப்ப வரும்னு தெரிஞ்சா எனக்கு ஒண்ணும் இல்லப்பா. தெரியாம வர்றதுதான் பின்னாடி இருந்து அடிக்கிற மாதிரி இருக்கு” என்றான். குழந்தையின் வாயிலிருந்து இப்படி ஒரு விளக்கம் கிடைத்தால் பெற்றோர் அதைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். எந்தப் பொருளை வாங்குவது, அதை எப்போது கொடுப்பது என்பதற்கெல்லாம் அதுதான் வழிகாட்டி.

இனி கவசத்துக்கு வருகிறேன். நாங்கள் பயன்படுத்துவது த்ரீஎம் நிறுவனத்தின் ‘பெல்டார் கிட்’ வகை. பளிச்சென்ற பச்சையிலும் இளஞ்சிவப்பிலும் வருகிறது. இங்கே இணையக் கடைகள் வழியாக இறக்குமதிச் சரக்காகக் கிடைக்கிறது. விலை விற்பவருக்கு விற்பவர் வெகுவாக மாறுவதால், நான்கைந்து இடங்களில் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது. உறை மேல் 27 டெசிபல் என்று அச்சிட்டிருக்கிறார்கள். ஐரோப்பிய அளவுமுறைப்படி சோதனைக்கூடத்தில் கணக்கிட்ட ஒட்டுமொத்த ஒலிக்குறைப்பு அது. ஒலியை அளக்கும் டெசிபல் என்ற அலகு கூட்டல் கணக்கில் ஏறுவதில்லை. ஒவ்வொரு பத்துக்கும் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது, காதுக்கு ஏறத்தாழ இரு மடங்காகத் தோன்றுகிறது. அந்தக் கணக்கில் 27 குறைந்தால் காதைச் சேரும் ஆற்றல் சுமார் ஐந்நூறில் ஒரு பங்காகிறது. கேட்கும் உணர்வில் ஆறில் ஒரு பங்கு அளவாகத் தெரியும். சோதனைக்கூடத்தில் கிடைத்த எண் வீட்டில் அப்படியே கிடைக்காது. திண்டு சரியாகப் பொருந்தாமலோ, முடி இடையில் சிக்கியோ, கண்ணாடிச் சட்டத்தின் காம்பு இடைவெளி உண்டாக்கியோ இருந்தால் இதில் பெரும்பகுதி போய்விடும்.

உறையில் சிறிய எழுத்தில் இன்னும் மூன்று எண்கள் இருக்கின்றன. அவற்றைத்தான் பெற்றோர் கூர்ந்து பார்க்க வேண்டும். கீச்சென்ற உயர்சுருதி ஒலிக்கு 32, நடுத்தர ஒலிக்கு 25, கனத்த தாழ்சுருதி ஒலிக்கு 15. இது இந்த ஒரு வகைக்கு மட்டும் உரிய குணமன்று. கிண்ணம் வைத்த காதுக்கவசம் எதுவாயினும் கூர்மையான ஒலியை நன்றாகத் தடுக்கும், ஆழ்ந்த ஒலியை ஓரளவே தடுக்கும். எண் என்றால் என் மகனுக்கு உயிர் என்பதால் இந்த மூன்றையும் அவனுக்கே விளக்கினேன். அடுத்த வாரத்துக்குள் வீட்டிலும் தெருவிலும் உள்ள சத்தங்களை மூன்று பிரிவாகப் பிரித்து, அணைக்கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவிட்டான். குக்கர் விசில், மிக்சி, ஸ்டீல் தட்டு கீழே விழும் சத்தம், பஸ்ஸின் ஏர்ஹாரன் எல்லாம் முதல் பிரிவில். வகுப்பறைக் கூச்சல், டீக்கடை, தொலைக்காட்சி விவாதம் இரண்டாவதில். தவில், பறை, சாமி ஊர்வலத்து டிரம் செட், லாரி என்ஜின் மூன்றாவதில். எந்த இடத்துக்குப் போனால் கவசம் எவ்வளவு கைகொடுக்கும் என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டது அவனுக்குக் கவசத்தைப் போலவே பெரிய ஆறுதலாக இருந்தது.

அந்தப் பட்டியல் எவ்வளவு சரி என்பதை உறவினர் திருமணம் ஒன்றில் கண்கூடாகப் பார்த்தோம். நாகசுரம் அருகிலேயே ஒலித்துக்கொண்டிருந்தது. கவசத்தைப் போட்டுக்கொண்டு மூன்றாவது வரிசையில் அமைதியாக உட்கார்ந்திருந்தான். தாலி கட்டும் நேரம் நெருங்கி, கெட்டிமேளம் என்று குரல் எழுந்ததும், தவிலின் தொப்பிப் பக்கத்து அடி ஒவ்வொன்றும் நாற்காலி வழியாகவும் நெஞ்சு வழியாகவும் ஏறியது. கவசத்தின் மேல் இரு கைகளையும் வைத்து இறுக அழுத்திக்கொண்டான், முகம் வெளிறிவிட்டது. காது வழியாக வரும் ஒலியைத்தான் கவசம் தடுக்கும், உடம்பு வழியாக வரும் அதிர்வைத் தடுக்க அதனால் ஆகாது. அவனை அழைத்துக்கொண்டு மண்டபத்தின் பின்பக்கம் சமையற்கட்டு வாசலுக்குப் போய் நின்றோம். மேளம் அடங்கியபின் அவனாகவே உள்ளே வந்து அட்சதை போட்டான். முன்பெல்லாம் மண்டப வாசலோடு திரும்பியிருக்கிறோம் என்பதை நினைத்தால், இது எங்களுக்கு எவ்வளவு பெரிய முன்னேற்றம் என்பதை ஒத்த வீட்டார் அறிவார்கள். கெட்டிமேளத்தின்போது எங்கே போய் நிற்பது என்பதை முன்பே பார்த்து வைத்துக்கொண்டால் அதையும் தாண்டிவிடலாம்.

இதை வாங்குவதற்கு முன் நாங்கள் இணையத்தில் மலிவாகக் கிடைத்த, பெயர் தெரியாத ஒரு கவசத்தை வாங்கியிருந்தோம். அதன் படத்தில் போட்டிருந்த ஒலிக்குறைப்பு எண் இதைவிடக் கூடுதல். கைக்கு வந்தபோது உறையில் சோதனைத் தரம் எதுவும் குறிக்கப்படவில்லை. பட்டை தலையை இறுக்கியது, திண்டு கடினமாக இருந்தது, ஒரு கிண்ணம் சில வாரங்களிலேயே கழன்றது. விற்றவர் திரும்ப எடுத்துக்கொள்ளவும் இல்லை. பணம் போனதைவிட, இறுக்கத்தால் காது வலித்த அனுபவம் பையன் மனத்தில் பதிந்து, நல்ல கவசம் வந்தபின்னும் அதைத் தொடவே மறுத்தான் என்பதுதான் வருத்தம். ஆகவே, காதுக்கவசங்களுக்கான ஐரோப்பியத் தரமான ஈஎன் 352 என்ற குறி, அல்லது அமெரிக்க முறையிலான ஒலிக்குறைப்பு எண், இரண்டில் ஒன்று உறையில் அச்சாகியிருப்பதை மட்டுமே வாங்குங்கள். அமெரிக்க எண் வேறு முறையில் கணக்கிடப்படுவதால் ஒரே கவசத்துக்கு அது சற்றுக் குறைவாகவே காட்டும். அதைப் பார்த்துப் பொருள் மட்டம் என்று முடிவு செய்துவிட வேண்டாம்.

அணிவதற்கு எப்படி இருக்கிறது என்பதில் முழு மதிப்பெண் கொடுக்க முடியாது. இதுவும் கிண்ண வகை எல்லாவற்றுக்கும் உள்ள குறைதான். மதுரை வெயிலில் காதை அடைத்து மூடும் எந்தப் பொருளும் அரைமணி நேரத்தில் வியர்த்துவிடும். சித்திரை, வைகாசி மாதங்களில் திண்டின் அடியில் வேர்க்குரு வந்தது. ஒவ்வொரு முறை கழற்றும்போதும் பருத்தித் துணியால் காதையும் திண்டையும் துடைப்பது, உச்சி வெயிலில் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கழற்றிக் காற்றுப்படவிடுவது என்று பழக்கியபின் வேர்க்குரு குறைந்தது. நம் பிள்ளைகளுக்குத் தலை நிறைய தேங்காயெண்ணெய் வைக்கும் வழக்கம் இருக்கிறது. எண்ணெய் பட்டுப்பட்டுத் திண்டின் மேலுறை பிசுபிசுத்து, பிறகு விறைத்து வெடிக்கும். வெடித்த திண்டு ஒலியைத் தடுக்காது. திண்டையும் உள்நுரையையும் ஆண்டுக்கு இரண்டு முறையாவது மாற்றச் சொல்கிறார்கள். மாற்றுத் திண்டு தனியே கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டே கவசத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பள்ளி நாட்களில் எண்ணெயை இரவில் வைத்துக் காலையில் தலை துடைத்து அனுப்புகிறோம்; என் அம்மாவுக்கு இதில் இன்னும் சம்மதமில்லை.

மாற்றுகள் என்னென்ன என்று பலர் கேட்கிறார்கள். மின்சாரத்தால் இரைச்சலை அழிக்கும் விலை உயர்ந்த ஹெட்போன்கள், பஸ் என்ஜின், ஏசி போன்ற ஒரே சீராக ஓடும் ஆழ்ந்த ஒலியை மிக நன்றாகக் குறைக்கும்; திடீரென்று வெடிக்கும் விசிலுக்கும் கத்தலுக்கும் அவ்வளவாக உதவாது. நீண்ட பஸ் பயணமே முதன்மைத் துன்பம் என்றால் அதை வாங்கலாம். சமையலறையும் பள்ளி மணியும் துன்பம் என்றால் கிண்ணக் கவசமே மேல். காதுக்குள் செருகும் சிலிக்கான் அடைப்பான் கண்ணுக்குத் தெரியாது, வியர்க்காது; ஆனால் காதுக்குள் எதையும் நுழையவிடாத குழந்தைகள் உண்டு, என் மகன் அவர்களில் ஒருவன்.

எந்தக் கவசத்தையும் வாங்குவதற்கு முன் செவித்திறன் வல்லுநர் ஒருவரிடம் காதைச் சோதித்துவிட வேண்டும் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஒலி தாங்காமைக்குக் காதிலேயே வேறு காரணம் இருக்கக்கூடும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளோடு இணைந்து இயங்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையங்களில் செவித்திறன் சோதனையும், குழந்தையின் புலனுணர்வைப் பார்க்கும் செயல்முறைச் சிகிச்சையாளரின் ஆலோசனையும் செலவின்றிக் கிடைக்கின்றன. எங்களுக்கு அங்கே கிடைத்த அறிவுரை கவசத்தின் பயன்பாட்டையே மாற்றியது: தேவையான நேரத்துக்கு மட்டும் போட வேண்டும், நாள் முழுவதும் போட விடக்கூடாது. காதை எந்நேரமும் அடைத்தே வைத்தால், குறைந்து வரும் ஒலியைப் பிடிப்பதற்காக மூளை தன் கவனத்தைக் கூர்மையாக்கிக்கொள்கிறது. பிறகு சாதாரணப் பேச்சுக்குரல்கூடத் தாங்க முடியாததாகிவிடும்.

ஆகவே வீட்டில் ஓர் ஏற்பாடு செய்தோம். சமையலறைக் கதவருகே ஓர் ஆணியில் கவசம் தொங்கும். மிக்சி போடுவதற்கு முன் “மிக்சி போடப் போறேன்” என்று குரல் கொடுத்துவிட்டுப் பத்து வரை எண்ணிவிட்டுத்தான் சுவிட்சைத் தட்ட வேண்டும். இது என் அம்மா உட்பட எல்லோருக்கும் உரிய விதி. அந்தப் பத்து எண்ணுவதற்குள் கவசம் வேண்டுமா, மொட்டைமாடிக்குப் போய்விடலாமா, தாங்கிக்கொள்ளலாமா என்பதை அவன் முடிவு செய்வான். முதலில் ஒவ்வொரு முறையும் ஓடி வந்து மாட்டிக்கொண்டவன், பிறகு கையில் எடுத்து வைத்துக்கொண்டு நின்றான்; இப்போது சட்னி அரைக்கும் குறைந்த நேரத்துக்குப் பல நாட்கள் கவசமே இல்லாமல் இருக்கிறான், இட்லி மாவுக்கு இன்னும் மாட்டிக்கொள்கிறான். சிகிச்சையாளர் இதைக் கேட்டு மகிழ்ந்தார். பழக்க வேண்டும் என்று நாங்கள் ஒருநாளும் கவசத்தைப் பிடுங்கியதில்லை. எடுத்துக்கொள்ள முடியும் என்ற நம்பிக்கை இருந்ததால்தான் எடுக்காமல் இருக்க அவனால் முடிந்தது. “சத்தத்தில் விட்டால் தானாகப் பழகிவிடும்” என்று சொல்லும் பெரியவர்களிடம் நான் மரியாதையாக ஆனால் உறுதியாக மறுப்புச் சொல்கிறேன். வலியில் விட்டுப் பழக்கப்பட்ட குழந்தை வலியை மறைக்கத்தான் கற்றுக்கொள்ளும்.

பள்ளியில்தான் கூடுதல் உழைப்பு தேவைப்பட்டது. காலை வழிபாட்டு ஒலிபெருக்கியும், நடைபாதையில் அவனுடைய வகுப்பு வாசலுக்கு நேர் மேலே இருக்கும் மின்மணியும் அவனுடைய நாளையே குலைத்துவிடும். ஒரு மணியடிப்பில் தொடங்கும் தவிப்பு அடுத்த இரண்டு பாடவேளைகள் வரை நீளும். அந்த நேரத்தில் கேள்வி கேட்டால் பதில் வராது, தொட்டால் தட்டிவிடுவான். கவசத்தை அனுமதிக்கக் கேட்டபோது, மற்ற பிள்ளைகளும் கேட்பார்களே என்பதுதான் முதல் பதிலாக இருந்தது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 தான் பட்டியலிட்டுள்ள 21 வகைகளில் ஆட்டிசத்தையும் வைத்திருக்கிறது. அரசின் நிதியோ அங்கீகாரமோ பெற்ற கல்வி நிலையங்கள் ஒவ்வொரு குழந்தையின் தேவைக்கும் ஏற்ற நியாயமான வசதியைச் செய்து தர வேண்டும் என்று அதன் 16-ஆவது பிரிவு சொல்கிறது. அந்தப் பிரிவின் நகலையும் மருத்துவ அறிக்கையையும் இணைத்து, சண்டைக்குரிய சொல் ஒன்றுகூட இல்லாமல், ஒரு பக்கக் கடிதம் கொடுத்தேன். கடிதத்தைவிட வகுப்பாசிரியர் செய்த காரியம்தான் பலித்தது என்பதை நன்றியோடு சொல்கிறேன். ஒருநாள் கவசத்தை வகுப்பில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒருமுறை போட்டுப் பார்க்கக் கொடுத்தார். “கண்ணு சரியாத் தெரியாதவங்க கண்ணாடி போடுறாங்க, இவனுக்குக் காது கூடுதலாக் கேட்குது, அதுக்கு இது” என்று ஒரே வாக்கியத்தில் முடித்தார். அதன்பின் யாரும் அதைக் கேட்கவில்லை. மணியடிப்பதற்கு ஒரு நிமிடம் முன்பு ஆசிரியர் அவனுடைய மேசையில் விரலால் இருமுறை தட்டுவதும் அவரே கண்டுபிடித்த முறை. பொதுத்தேர்வு எழுதும் வயதுப் பிள்ளைகளின் பெற்றோர், இதில் மின்பாகம் எதுவும் இல்லை என்பதைக் குறிப்பிட்டு முன்கூட்டியே எழுத்துமூலம் அனுமதி வாங்கிவிடுவது நல்லது. தேர்வறை வாசலில் நின்று விளக்கும் நிலை எந்தக் குழந்தைக்கும் வரக்கூடாது.

தீபாவளிக்கு இது போதுமா என்ற கேள்விக்கு, தனியாகப் போதாது என்பதே என் பதில். வெடிக்கும் இடத்திலிருந்து நான்கு மீட்டர் தொலைவில் 125 டெசிபலுக்கு மேல் ஒலி எழுப்பும் வெடிகளுக்கு நம் நாட்டு விதிகள் தடை விதிக்கின்றன. அந்த எல்லைக்கு உட்பட்ட வெடியே இப்படிப்பட்ட காதுக்குப் பேரிடிதான். அதோடு, வெடி எப்போது வெடிக்கும் என்று யாருக்கும் தெரியாது. அவனுக்கு அதுவே பாதி வலி. தமிழ்நாட்டில் 2018 முதல் காலை 6 முதல் 7 வரை, இரவு 7 முதல் 8 வரை என்று அரசு நேரம் குறித்திருப்பதை ஒரு அட்டையில் எழுதி அவன் கட்டிலருகே ஒட்டினோம். அந்த இரண்டு மணி நேரமும் உள்ளறையில் கதவும் சன்னலும் அடைத்து, மின்விசிறி ஓட, கவசத்தோடு இருப்பான். நேரம் தவறி வெடிப்பவர்களும் உண்டு என்பதையும் அட்டையிலேயே எழுதியிருக்கிறோம், ஏனென்றால் சொன்னபடி நடக்காவிட்டால் அவனுக்கு எங்கள் பேச்சின் மீதே நம்பிக்கை போய்விடும். சென்ற தீபாவளியன்று எட்டரை மணிக்கு மேல், தெருவில் புகை அடங்கியபின், கவசத்தோடு வெளியே வந்து இரண்டு கம்பி மத்தாப்பு கொளுத்தினான்.

சாலையில் இதை அணியவிடக் கூடாது என்பது கட்டாயம். பின்னால் வரும் வண்டியின் ஹாரன் கேட்காத குழந்தை, அதிலும் எதையாவது எண்ணிக்கொண்டே நடக்கும் குழந்தை, பெரும் ஆபத்தில் இருக்கிறது. சாலையைக் கடக்கும்போது கவசம் கழுத்தில், அவன் கை என் கையில் என்பதே எங்கள் வழக்கம்.

கவசம் போட்டிருக்கும்போது அவனோடு எப்படிப் பேசுவது என்பதையும் குடும்பத்தார் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. நடுத்தர ஒலி குறைந்தாலும் அருகில் நின்று பேசினால் கேட்கும், கத்த வேண்டியதில்லை. பின்னாலிருந்து தோளைத் தொட்டுக் கூப்பிடக் கூடாது. முன்னால் வந்து, கண்ணைப் பார்க்கும்படி வற்புறுத்தாமல், கையசைத்துவிட்டுப் பேச வேண்டும். அவன் கவசத்தை எடுத்து மாட்டினால் அதற்கு ‘எனக்கு இப்போது அதிகமாகிவிட்டது’ என்று பொருள். அந்த நேரத்தில் புத்தி சொல்வதையும், ஏன் என்று கேட்பதையும் நிறுத்திவிட வேண்டும். எங்களுக்கு இந்தப் பொருளால் கிடைத்த பெரிய நன்மை இதுதான் என்று இப்போது தோன்றுகிறது. முன்பு அவன் கதறி அழுது, பொருட்களை வீசியபின்தான் ஏதோ தாங்கவில்லை என்று எங்களுக்குத் தெரியும். இப்போது அதற்கு வெகுநேரம் முன்பே அவன் கை ஆணியை நோக்கிப் போவதைப் பார்க்கிறோம். அந்தக் கையைப் பார்த்துப் பார்த்தே, எந்த மாலையில் அவன் ஏற்கனவே களைத்து வந்திருக்கிறான், எந்த விருந்தினரின் குரல் அவனுக்கு ஒத்துவரவில்லை, பள்ளியில் எந்த நாள் கடினமாகக் கழிந்தது என்பதெல்லாம் புரியத் தொடங்கியது. “எந்நேரமும் அதைக் காதுல கவுத்துக்கிட்டு இருந்தா ஊரு என்னப்பா சொல்லும்?” என்று கேட்டுக்கொண்டிருந்த என் அம்மாவே, இப்போது வீட்டுக்கு ஆள் வந்தால் குரலைத் தணித்துப் பேசச் சொல்கிறார், “புள்ள எடுத்து மாட்டிட்டான், கொஞ்சம் மெதுவா” என்பது அவருடைய வழக்கமாகிவிட்டது.

அளவைப் பற்றி ஒன்று சொல்லி முடிக்கிறேன். இந்தக் கவசத்தின் பட்டையை மேலும் கீழும் நகர்த்தி நீளத்தை மாற்றலாம். என் மகன் தலைக்கு அது கடைசி நிலை வரை வந்துவிட்டது. இன்னும் சில மாதங்களில் பெரியவர்களுக்கான மெல்லிய கிண்ண வகைக்கு மாற வேண்டியிருக்கும். இரண்டையும் சில வாரங்கள் சேர்த்தே வைத்திருக்கப் போகிறோம். பழகிய பொருளை ஒரே நாளில் மாற்றினால் இந்தப் பிள்ளைகள் தாங்கமாட்டார்கள். ஐந்து வயதுக் குழந்தைக்கு வாங்குகிறவர்கள், வளர்ந்தாலும் ஆகட்டும் என்று பெரிய அளவில் எடுத்துவிட வேண்டாம். விளிம்பு பொருந்தாத கவசம் கவசமே இல்லை. நிறத்தைக் குழந்தையையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். பச்சை அவன் கேட்டு வாங்கியது. அடுத்ததற்குக் கறுப்பு வேண்டும் என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறான்.